கிழக்கிலிருந்து பார்த்தால் மட்டும் மலை: ஹார்ட் தொடரும் ஃபால்ஸ் ஒயின் நாடும்

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ரைன் நதிக்கு மேற்கே, ஹார்ட் என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. வடக்கே க்ரூன்ஷ்டாட் ஊரிலிருந்து தெற்கே பாட் பெர்க்ட்ஸாபர்ன் வரை நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 50 கிலோமீட்டர். அதன் மிக உயர்ந்த இடமான கால்மிட் 673 மீட்டர்தான். பனி மூடிய சிகரம், ஆளை மிரட்டும் செங்குத்துப் பாறை என்று மலைக்குரிய அடையாளங்களைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். ஆனால் இந்தத் தொடரின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டித்தான் ஃபால்ஸ் ஒயின் பிரதேசம் கிடக்கிறது. 23,000 ஹெக்டேருக்கு மேல் திராட்சை. ஜெர்மனியின் 13 ஒயின் பிரதேசங்களில் பரப்பளவில் இரண்டாவது இடம். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை உலகிலேயே மிக அதிகமாகப் பயிராகும் பிரதேசங்களில் இதுவும் ஒன்று.

ஹார்ட்டைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டுமே மலை என்பது. மேற்கே கைசர்ஸ்லாட்டர்ன் பக்கமிருந்து வருகிறவருக்கு வழியெல்லாம் காடு. ஏறி இறங்கும் குன்றுகள், நடுநடுவே ஓடைப் பள்ளங்கள், மறுபடியும் காடு. மலைத்தொடர் எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. போய்க்கொண்டே இருக்கும்போது ஓரிடத்தில் தரை சட்டென்று முடிந்துவிடும். கீழே 400, 500 மீட்டர் பள்ளத்தில் ரைன் சமவெளி, அதில் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சை வரிசைகள். இதையே கிழக்கே ஷ்பையர் நகரத்திலிருந்து பார்த்தால் கதை மாறும். தட்டையான வயல்வெளியின் முடிவில் அடர்பச்சைச் சுவர் ஒன்று, வடக்கிலிருந்து தெற்காக, கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் நிற்கும்.

அதாவது ஹார்ட் தனியாக எழும்பி நிற்கும் தொடர் இல்லை. பின்னால் விரிந்து கிடக்கும் ஃபால்ஸ் காடு என்ற பீடபூமியின் உடைந்த விளிம்பு. இந்தப் பிரதேசத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் மலையின் அழகிலும் ஒயினின் ருசியிலும் நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் இங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த உடைந்த விளிம்புதான். மண், மழை, ஊர்கள் நிற்கும் இடம், கட்டடக் கல்லின் நிறம், ஏன் ஓரளவுக்கு அரசியல்கூட அந்தக் கோட்டைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

விளிம்பு எப்படி உடைந்தது

ஹார்ட்டின் பாறை பெரும்பாலும் மணற்கல். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே வறண்ட, பாலைவனத்தை ஒத்த பெரும் படுகை இருந்தது. அதில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் அடுக்கடுக்காக இறுகிக் கல்லானது. மணலில் கலந்திருந்த இரும்பு துருப்பிடித்ததால் கல்லுக்குச் சிவப்பு நிறம். இதே சிவப்பு மணற்கல்லை ஷ்ட்ராஸ்பூர்க் பேராலயத்தில் பார்க்கலாம், ஷ்பையர் பேராலயத்தின் சுவர்களிலும் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு மிக நீண்ட காலம் கழித்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், மேற்கு ஐரோப்பாவின் நிலத்தட்டு இந்த இடத்தில் இழுபட்டு மெலியத் தொடங்கியது. ஆல்ப்ஸ் மலை எழுந்த காலத்தோடு சேர்ந்த நிகழ்வு இது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளம், 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம் கொண்ட ஒரு நிலப்பட்டை, கட்டிலின் நடுப்பலகை இறங்கிப்போனதுபோல, கீழே இறங்கியது. இருபுறச் சட்டங்களும் மேலே நின்றன. போகப்போக இன்னும் உயர்ந்தன. கிழக்குச் சட்டத்தில் கருங்காடும் ஓடன்வால்ட் மலையும். மேற்குச் சட்டத்தில் பிரான்ஸின் வோஜ் மலையும் அதன் வடக்குத் தொடர்ச்சியான ஃபால்ஸ் காடும். நடுவில் இறங்கிய பள்ளத்தில் சில காலம் கடல் புகுந்தது, வற்றியது, மறுபடி புகுந்தது. அந்தக் காலத்துச் சுண்ணாம்பும் களிமண்ணும் அங்கே படிந்தன. பிறகு ரைன் நதி வந்து சரளையும் மணலும் கொட்டி நிரப்பியது.

கால்மிட் உச்சியில் காலுக்கடியில் கிடக்கும் அதே மணற்கல் அடுக்கு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி லாண்டாவ் நகரத்தின் கீழே இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மேலே தெரியும் 500 மீட்டர் சுவர், இந்த மொத்த இறக்கத்தில் ஒரு சின்னப் பங்குதான். மீதியெல்லாம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. ஹார்ட் உயரம் குறைந்த மலையாக நம் கண்ணுக்குப் படுவதற்கு, பள்ளம் நிரம்பிவிட்டதும் ஒரு காரணம்.

இந்தப் பிளவு இன்னும் முழுக்க மூடிக்கொள்ளவில்லை. ஆழத்துச் சூடான உப்புநீர் பிளவின் வழியாக மேலே ஏறி வருகிறது. அப்படி ஏறிய நீர் விளிம்பை ஒட்டிய மணற்கல்லிலிருந்து இரும்பைக் கரைத்து எடுத்துப் போய்விட்டதால், அந்த இடத்துக் கல் மட்டும் சிவப்பு இழந்து வெளிறிய மஞ்சளாகிவிட்டது. டைடஸ்ஹைம், வாகன்ஹைம் மாதிரியான அடிவார ஊர்களில் தேவாலயம், மாளிகை, தோட்டச்சுவர் எல்லாம் இளமஞ்சள் நிறமாக இருப்பது இதனால்தான். காட்டுக்குள்ளே சில கிலோமீட்டர் போனால் கோட்டை இடிபாடுகள் மறுபடி சிவப்பாகிவிடும். கையில் நிலவியல் வரைபடம் இல்லாதவர்கூட, வீடுகளின் நிறத்தைப் பார்த்தே பிளவுக்கோடு எங்கே ஓடுகிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

உப்புநீருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பாட் டூர்க்ஹைம் ஊரின் ஊற்றுநீரை 1860-இல் ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் புன்சனும் இயற்பியலாளர் குஸ்டாவ் கிர்க்காஃபும் நிறமாலைக் கருவியில் ஆராய்ந்தார்கள். எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. சீசியம் என்ற தனிமம் அப்படித்தான் உலகுக்குத் தெரியவந்தது. நிறமாலையைக் கொண்டு கண்டுபிடிக்கப்பட்ட முதல் தனிமம் அது. அதன் உப்பில் சில கிராம் பிரித்தெடுக்க 40,000 லிட்டருக்கு மேல் டூர்க்ஹைம் ஊற்றுநீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது. ஒயினுக்குப் பேர்போன ஊர் வேதியியல் வரலாற்றில் தண்ணீருக்காக இடம்பிடித்தது வேடிக்கைதான்.

இன்றைக்கும் ஆழத்தில் இருப்பதைத் தோண்டுகிறார்கள். லாண்டாவ் அருகே 1955-இலிருந்து எண்ணெய் எடுக்கப்படுகிறது. திராட்சை வரிசைகளுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றின் இரும்புக் கழுத்து மேலும் கீழும் ஆடிக்கொண்டிருப்பது இங்கே சாதாரணக் காட்சி. 2007-இல் லாண்டாவிலும் 2012-இல் அருகிலுள்ள இன்ஸ்ஹைமிலும் புவிவெப்ப மின்நிலையங்கள் இயங்கத் தொடங்கின. சுமார் 3,000 மீட்டர் ஆழத்திலிருந்து 160 டிகிரி வெந்நீர் வருகிறது. ஆனால் 2009 ஆகஸ்டில் லாண்டாவில் 2.7 அளவில் ஒரு சிறு நிலநடுக்கம் வந்து மக்கள் பயந்துபோனார்கள். ஆழத்து நீரைத் திருப்பிச் செலுத்துவதோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக முடிவானது. இப்போது அதே உப்புநீரில் இருக்கும் லித்தியத்தின் மேல் எல்லோருக்கும் கண். பேட்டரி யுகம் இந்தத் திராட்சைத் தோட்டங்களுக்கு அடியிலும் வந்துவிட்டது.

பத்து அடிக்கு ஒரு மண்

ஒயினுக்கு வருவோம். ஹார்ட்டின் மணற்கல் மண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய ஒயின் பிரதேசம் உருவாகியிருக்காது. மணற்கல் சத்தில்லாத, அமிலத்தன்மை கொண்ட, தண்ணீரை நிறுத்தாத மண்ணைத்தான் தரும். மலைமேல் விவசாயம் வராமல் காடாகவே நின்றுபோனதற்கு அதுவே காரணம்.

நிலம் இறங்கும்போது ஒரே வெட்டாக இறங்கவில்லை என்பதுதான் விவசாயிகளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். மேலே நின்ற சட்டத்துக்கும் அடியில் போன பலகைக்கும் இடையே பல துண்டுகள் பாதி வழியில் சிக்கிக்கொண்டு, வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு சாய்வில் நின்றுவிட்டன. மலையின் அடிவாரத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கும் மெல்லிய மேடுகள் அப்படி நின்ற துண்டுகள்தான். ஒரு துண்டின் மேல்பகுதியில் மணற்கல், அடுத்ததில் கடல் சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல், மூன்றாவதில் கனத்த களிமண். இவற்றின் மேல் பனியுக காலத்தில் காற்று ரைன் சரளைப் படுகைகளிலிருந்து அள்ளிக் கொண்டுவந்து போர்த்திய மாவு போன்ற வண்டல் மண். லோயஸ் என்று அழைக்கப்படும் இந்த மண் தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும். மழை குறைந்த இடத்தில் இது பெரிய உதவி. ஆக, ஒரே கிராமத்தின் எல்லைக்குள், ஒரே விவசாயியின் இரண்டு துண்டு நிலத்துக்கு நடுவேகூட மண் மாறிவிடும்.

இல்பஸ்ஹைம் அருகே குட்டி கால்மிட் என்ற 271 மீட்டர் மேடு இதற்கு நல்ல உதாரணம். பெயர் பெரிய கால்மிட்டின் தம்பி மாதிரி தொனித்தாலும் பாறை உறவு எதுவும் இல்லை. பெரியது மணற்கல், சின்னது, பள்ளத்தில் கடல் நின்ற காலத்துச் சுண்ணாம்புக்கல், மேலே லோயஸ். தனியாக நிற்கும் அந்த மேட்டின் உச்சியில் ஒரு சிறு தேவாலயம், சுற்றிலும் திராட்சை. இங்கே பினோ வகைத் திராட்சைகள் செழிப்பாக வருகின்றன. சுண்ணாம்பும் பினோவும் சேர்ந்தால் நன்றாக வரும் என்பதை பிரான்ஸின் பர்கண்டி ஒயின் பிரதேசத்துக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

ஃபோர்ஸ்ட் கிராமத்தின் கதை இன்னும் சுவாரசியம். சில நூறு பேர் வாழும், ஒரே ஒரு பெரிய தெரு கொண்ட ஊர். அதன் மேற்கே பெக்ஷ்டைன்கோஃப் என்ற குன்றில், நிலம் உடைந்த காலத்தை ஒட்டி ஓர் எரிமலை வெடித்தது. பூமிக்குள்ளிருந்து கிளம்பிய கறுப்பு பசால்ட் பாறை மணற்கல்லைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது. அதை வெட்டியெடுத்து உடைத்துத் தோட்டங்களில் பரப்பும் வழக்கம் ஃபோர்ஸ்ட் விவசாயிகளிடம் இருந்தது. கறுப்புக்கல் பகலில் வெயிலைக் குடித்து, இரவில் மெதுவாக வெப்பத்தை விடும். வடக்குத் தேசத்தில் பழம் பழுக்க அந்தச் சின்ன வித்தியாசமும் வேண்டியிருந்தது.

அப்போது இந்தப் பகுதியை ஆண்ட பவேரியா அரசு 1828-இல் நிலவரிக்காக இந்தப் பகுதி முழுவதையும் அளந்து, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தரமதிப்பெண் போட்டது. ஃபோர்ஸ்ட்டின் தேவாலயத்துக்குப் பின்புறம் இருக்கும் கிர்ஷன்ஷ்ட்யூக் என்ற தோட்டத்துக்குத்தான் உச்சமான 65 மதிப்பெண் கிடைத்தது. நான்கு ஹெக்டேருக்கும் குறைவான நிலம் அது. மணல், களிமண், சுண்ணாம்பு, பசால்ட் நாலும் கலந்த மண், சுற்றிலும் காற்றைத் தடுக்கும் மணற்கல் சுவர், மெல்லிய சரிவு. வரி வசூலிக்க வந்த அதிகாரிகள் ஒயினைக் குடித்துப் பார்த்து மதிப்பெண் போடவில்லை, நிலத்திலிருந்து என்ன வருமானம் வரும் என்று பார்த்தே போட்டார்கள். இருந்தும் இன்று அந்தப் பிரதேசத்தின் மேல்தர ஒயின்களை வகைப்படுத்துகிறவர்கள் திரும்பத் திரும்ப அந்தப் பழைய வரிக்கணக்கைத்தான் ஆதாரமாக எடுத்துக் காட்டுகிறார்கள். சுவை நிபுணர்களை விட வரி அதிகாரிகள் நிலத்தைத் துல்லியமாகப் படிப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அடிவார மேடுகளைத் தாண்டிச் சமவெளிக்குள் போனால் மண் வேறொரு வகையில் மாறுகிறது. மலையிலிருந்து ஈசனாக், ஷ்பையர்பாக், க்வைக், லாவ்டர் போன்ற ஓடைகள் விளிம்பை வெட்டிக்கொண்டு வெளியே வருகின்றன. வெளியே வந்ததும் வேகம் குறைய, சுமந்துவந்த மணலை விசிறி வடிவில் கொட்டுகின்றன. அந்த மணல் விசிறிகளில் விவசாயம் எடுபடாது. அங்கெல்லாம் காடும் புல்வெளியும். தெற்கே பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பீன்வால்ட் என்ற பெரிய காடு லாவ்டர் ஆறு கொட்டிய மணலின் மேல் நிற்கிறது. விசிறிகளுக்கு நடுவே நீண்ட நாக்குகள்போல் கிடக்கும் லோயஸ் மேடுகளில் தானியம், காய்கறி, திராட்சை. விமானத்திலிருந்து பார்த்தால் காடு, வயல், காடு, வயல் என்று மாறிமாறி வருவதன் ரகசியம் இதுதான்.

மலை தரும் வறட்சி

ஃபால்ஸ் கிடக்கும் இடம் 49 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டியது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலான நீண்ட நேர்க்கோட்டு எல்லை ஓடுவது இதே அட்சரேகையில்தான். 50 டிகிரியைச் சுற்றித்தான் ஒயின் திராட்சையின் வடக்கு எல்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் அத்தி பழுக்கிறது, பாதாம் காய்க்கிறது. நொய்ஷ்டாட் நகரத்தைச் சேர்ந்த கிம்மல்டிங்கன் கிராமத்தில் மார்ச் மாதத்திலேயே பாதாம் மரங்கள் ரோஜா நிறத்தில் பூத்துவிடும். ஜெர்மனியின் பிற பகுதிகளில் அப்போது மரங்கள் மொட்டையாக நிற்கும். பாதாம் பூக்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் திருவிழாத் தேதியைக் கடைசி நேரத்தில்தான் அறிவிப்பார்கள்.

வெயிலுக்கும் வறட்சிக்கும் முதல் காரணம் மழை மறைவு. இந்தப் பகுதிக்கு ஈரக்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அட்லாண்டிக் பக்கமிருந்து வருகிறது. ஃபால்ஸ் காட்டின் மேல் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. காட்டின் உயரமான மேற்குப் பகுதிகளில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டி மழை. விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று சூடாகி, மேகம் கலைந்து, வறண்டுபோகிறது. அடிவார ஊர்களில் மழை 500 முதல் 650 மில்லிமீட்டர்தான். வெயில் நேரமோ ஆண்டுக்கு 1,800 மணி. மேகக்கூட்டம் மலையுச்சியோடு வெட்டினாற்போல் நின்றுவிட, கீழே நொய்ஷ்டாட்டில் நீலவானம் தெரியும் நாட்கள் இங்கே நிறைய உண்டு.

இதைச் சரிபார்க்க ரைனின் அக்கரைக்குப் போனால் போதும். எதிர்ச்சட்டமான ஓடன்வால்ட் மலையின் அடிவாரத்திலும் பாதாமும் திராட்சையும் உண்டு. பெர்க்ஷ்ட்ராஸ என்று பெயர். ஆனால் அந்தச் சரிவு மேற்கு நோக்கியது. காற்று அங்கே மறுபடி ஏறத் தொடங்குகிறது, மழையும் கூடுகிறது. அதே பள்ளம், அதே அட்சரேகை, அதே உயரம். ஒயின் பரப்பு மட்டும் ஃபால்ஸ் அளவுக்கு இல்லை. இதற்கு மழை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அங்கே மலைக்குக் கீழே தோதான மேடுகளும் அவ்வளவு அகலமாக இல்லை.

ஹார்ட்டின் சரிவு கிழக்கு நோக்கியிருப்பதில் ஒரு லாபமும் ஒரு நட்டமும் உண்டு. விடிந்ததும் முதல் வெயில் இலைகளில் விழும். இரவுப் பனி சீக்கிரம் உலரும். பூஞ்சை நோய் குறையும். அது லாபம். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் மேல்வரிசைத் தோட்டங்களுக்கு நிழல் சீக்கிரம் வந்துவிடும். அது நட்டம். முன்பெல்லாம் இதைக் குறையாகத்தான் சொன்னார்கள். கோடை வெப்பம் ஏறிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் அந்த மாலை நிழலே ரீஸ்லிங்கின் புளிப்பைக் காப்பாற்றும் நல்ல அம்சமாகிவிட்டது.

குளிர்காற்றின் நடமாட்டமும் கவனிக்க வேண்டியது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவில் வழிந்து கீழே சமவெளியின் தாழ்வான இடங்களில் தேங்கும். வசந்தத்தில் துளிர் விட்ட நேரத்தில் உறைபனி விழுவது அங்கேதான். கொஞ்சம் மேலே, ஏறக்குறைய 150-க்கும் 250-க்கும் இடைப்பட்ட மீட்டர் உயரத்தில் உள்ள சரிவு தப்பித்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் குளிர் கூடும், மண்ணும் வெறும் மணலாகிவிடும். ஆக, நல்ல ஒயின் நிலம் என்பது மலைக்கும் சமவெளிக்கும் நடுவே நீளவாக்கில் ஓடும் ஒரு மெல்லிய பட்டை. புகழ்பெற்ற தோட்டங்கள் எல்லாம் அதற்குள்தான். சமவெளியிலும் ஏராளமாகத் திராட்சை உண்டு. அவை மலிவு விலை ஒயினுக்குப் போகும்.

ஊர்களும் காடும்

ஊர்களும் அதே பட்டையில் மணி கோத்ததுபோல் வரிசையாக இருக்கின்றன. மலையிலிருந்து ஊற்றுநீர், மேலே காட்டு மரம், கீழே வயல், நடுவே திராட்சை. ஓர் ஊருக்கு இந்த நாலும் வேண்டும். அதனால் பல கிராமங்களின் எல்லை வரைபடத்தில் விசித்திரமாக இருக்கும்: அகலம் குறைந்து, மேற்கும் கிழக்குமாக நீண்ட பட்டையாக, மலையேறிக் காட்டுக்குள் போகும். சில கிராமங்களுக்கு ஊரிலிருந்து முற்றிலும் தனித்து, காட்டுக்கு நடுவே ஒரு துண்டு நிலம் சொந்தமாக இருக்கும். இடைக்காலத்தில் பல ஊர்கள் சேர்ந்து காட்டைப் பொதுவில் அனுபவித்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கூட்டு உரிமையைப் பிரித்துக் கொடுத்தபோது ஒவ்வோர் ஊருக்கும் விழுந்த பங்கு அது.

காடில்லாமல் இங்கே திராட்சை இல்லை. பீப்பாய்க்கு ஓக் மரம் வேண்டும். கொடியைக் கட்ட முளைக்குச்சி வேண்டும். அதற்காகவே மலையின் கீழ்ச்சரிவில், தோட்டங்களுக்கு நேர்மேலே, செஸ்ட்நட் மரங்களை வளர்த்தார்கள். செஸ்ட்நட் குச்சி மண்ணில் சீக்கிரம் உளுக்காது. வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ரோமானியர்கள் கொண்டுவந்த மரம் என்பது பொதுவான கருத்து. இப்போது தோட்டங்களில் முளைக்குச்சிக்குப் பதில் இரும்புக் கம்பி வந்துவிட்டது. மரங்கள் மட்டும் நிற்கின்றன. இலையுதிர் காலத்தில் அதன் கொட்டையைப் பொறுக்க நகரத்துக் குடும்பங்கள் வருவார்கள். மலையின் உட்பகுதியில் எல்ம்ஷ்டைன் பள்ளத்தாக்கில் ஓடைகளின் கரைக்கு மணற்கல் பதித்து, தண்ணீரைத் தேக்கி, திறந்துவிட்டு, விறகுக்கட்டைகளைச் சமவெளிக்கு மிதக்கவிட்டார்கள். 1847-இலிருந்து 1849-க்குள் நொய்ஷ்டாட் வழியாக மலையைக் கடந்து ரயில் வந்தபின் மெல்லமெல்ல அந்த வேலை நின்றது. கரை கட்டிய ஓடைகள் இன்றும் இருக்கின்றன.

இதையெல்லாம் ரோமானியர்கள் ஓரளவுக்குப் புரிந்துவைத்திருந்தார்கள். பாட் டூர்க்ஹைம் அருகே உங்ஷ்டைனில் வைல்பெர்க் சரிவில் ஒரு ரோமானியப் பண்ணைவீட்டை 1981-இல் தோண்டியெடுத்தார்கள். அதில் திராட்சை மிதித்துப் பிழியும் தொட்டி இருந்தது. இன்றும் அதைச் சுற்றித் திராட்சைத் தோட்டம்தான். ஷ்பையர் அருகே 1867-இல் ஒரு ரோமானியக் கல்லறையில் கிடைத்த கண்ணாடிக் குடுவையில் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திரவம் இன்னும் இருக்கிறது. மூடி திறக்கப்படாத உலகின் மிகப் பழைய ஒயின் குடுவைகளில் ஒன்று என்று ஷ்பையர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். யாரும் குடித்துப் பார்க்கப்போவதில்லை.

அரசியலுக்கும் இந்த விளிம்புதான் மேடை. உயரமான இடத்திலிருந்து சமவெளி முழுவதும் தெரியும் என்பதால் கோட்டைகள் வரிசையாக எழுந்தன. அவற்றில் முக்கியமானது நொய்ஷ்டாட்டுக்குத் தெற்கே இருக்கும் ஹம்பாக் கோட்டை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இந்தப் பகுதி பிரான்ஸோடு சேர்ந்தது. தேவாலயச் சொத்துகள் ஏலம் போயின. நெப்போலியன் காலத்து வாரிசுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சமபங்காக நிலம் பிரிந்ததால் தோட்டங்கள் துண்டு துண்டாயின. 1816-இல் பவேரியாவிடம் போனதும் இன்னொரு சிக்கல். ரைனுக்கு இப்பால் தனித்துக் கிடந்த பிரதேசம் சுற்றிலும் சுங்க எல்லைகளில் மாட்டிக்கொண்டது. ஒயினை விற்க வழியில்லை. 1832 மே 27 அன்று ஜனநாயகமும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் கேட்டு 20,000-க்கும் மேற்பட்டோர் ஹம்பாக் கோட்டைக்கு ஊர்வலமாக ஏறியபோது, கறுப்பு-சிவப்பு-பொன்னிற மூவண்ணக் கொடிகளுக்கு நடுவே டூர்க்ஹைம் திராட்சை விவசாயிகள் ஒரு கறுப்புக் கொடியும் பிடித்துப் போனார்கள். திராட்சை விவசாயிகள் துக்கம் காக்க வேண்டியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. ஜெர்மன் ஜனநாயகத்தின் தொட்டில் என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடும் நாளில், பாதிக் கோபம் சுங்க வரியின் மேல் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

விற்க முடியாத ஒயின்தான் 100 ஆண்டு கழித்து இன்னொன்றுக்கும் காரணமானது. 1934, 1935 ஆண்டுகளில் விளைச்சல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வியாபாரத்தில் பெரும்பங்கு வகித்த யூத ஒயின் வணிகர்களை நாஜிகள் சந்தையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார்கள். தேங்கிய ஒயினைத் தள்ளிவிடவும், பிரசாரத்துக்காகவும், 1935 அக்டோபரில் மலையடிவாரத்து ஊர்களை இணைத்து ஜெர்மன் ஒயின் சாலை என்று அறிவித்தார்கள். வடக்கே பொக்கன்ஹைம், தெற்கே பிரான்ஸ் எல்லையில் ஷ்வைகன்; 85 கிலோமீட்டர். ஷ்வைகனில் 1936-இல் கட்டிய பெரிய கல்வாசல் அப்படியே நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாலை எப்படிப் பிறந்தது என்பதை அவர்களில் எத்தனை பேர் யோசிக்கிறார்கள் என்று தெரியாது. இப்போது ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் கார்களை நிறுத்திவிட்டு சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள்.

மேலே காட்டுக்கு வேறு கதை. சுமார் 1,770 சதுர கிலோமீட்டர். ஜெர்மனியின் தொடர்ச்சியான காடுகளில் மிகப் பெரியது. 1992-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 1998-இல் எல்லைக்கு அப்பால் உள்ள வடக்கு வோஜ் காட்டோடு சேர்ந்து இரு நாட்டுக் கூட்டுக் காப்பகம் ஆனது. காட்டை மட்டும் பாதுகாக்காமல் அடிவாரத் திராட்சைப் பட்டையையும் சேர்த்தே எல்லை போட்டிருப்பது எனக்குச் சரியான முடிவாகப் படுகிறது. இரண்டையும் பிரித்தால் இரண்டுமே அரைகுறை.

வெப்பநிலை ஏறுவதால் இந்தப் பட்டை இப்போது அசைகிறது. அறுவடை முன்கூட்டியே வருகிறது. ஒருகாலத்தில் அக்டோபர், நவம்பர் வேலையாக இருந்தது செப்டம்பருக்கு வந்துவிட்டது. மெர்லோ, கபர்னே மாதிரியான, இன்னும் தெற்கே விளையும் திராட்சைகளைச் சமவெளியில் நடுகிறார்கள். ரீஸ்லிங்குக்குக் குளிர்ச்சியான மேல்சரிவைத் தேடுகிறார்கள். ஆனால் மேலே இருப்பது மணல். கோடையில் தண்ணீர் நிற்காது. மேலே இருப்பது பாதுகாக்கப்பட்ட காடும்கூட. கீழே லோயஸ் மண்ணில் தண்ணீர் நிற்கும், ஆனால் வெக்கை தாங்காது. மழை மறைவு, இத்தனை நாள் வரமாக இருந்தது, வறண்ட ஆண்டுகளில் சொட்டுநீர்க் குழாய் போட வைக்கிறது.

தெற்கு முனையில், ஷ்வைகனைத் தாண்டினால் பிரான்ஸின் விசெம்பூர். க்வைக் ஆற்றுக்குத் தெற்கே ஹார்ட் என்ற பெயரையே சிலர் ஏற்பதில்லை. அது வாஸ்காவ் என்பார்கள். எல்லைக்கு அப்பால் வோஜ். பெயர்கள்தான் மாறுகின்றன, பிளவும் சரிவும் மழை மறைவும் அப்படியே அல்சாஸுக்குள் போகின்றன. ஷ்வைகன் விவசாயிகளின் தோட்டங்களில் கணிசமானவை எல்லைக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சு மண்ணில் இருக்கின்றன. அங்கே பறித்த திராட்சையை டிராக்டரில் ஏற்றி எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்து, இந்தப் பக்கம் பிழிந்து, ஃபால்ஸ் ஒயின் என்று விற்கச் சட்டம் அனுமதிக்கிறது.